கொட்டாங்கச்சிச் சாந்து

சாயங்காலம் பார்க்கில் என்னோடு உட்காருகிற உங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. மூட்டுவலி பேசி, மாத்திரை பேசி, மருமகளைப் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கேயாவது போயிடணும்" என்பீர்கள். மற்றவர்கள் தலையை ஆட்டுவீர்கள். எனக்குச் சிரிப்பு வரும். எழுபதைத் தாண்டிய நம்மிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது? பல் போயாயிற்று, பார்வை போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் போய் வருஷக்கணக்காகிறது. மிச்சம் காபி ஒன்றுதான். அதை விடச் சொன்னால் ஒருவரும் விடமாட்டீர்கள்.

நிஜமாகவே எல்லாவற்றையும் விட்டுப் போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அப்பா. விட்டுப் போனவற்றில் நானும் ஒன்று. அதனால்தான் நீங்கள் அந்தப் பேச்சை எடுத்ததும் நான் எழுந்து இன்னொரு சுற்று நடக்கப் போய்விடுகிறேன். கோபம் ஒன்றுமில்லை. நடுவில் புகுந்து என்ன சொல்வதென்று தெரியாமல்தான்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கும் வேலை. டிராமில் போய் டிராமில் வருவார். வந்ததும் கால் அலம்பிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். அதட்டவும் மாட்டார். அம்மா சாதம் போட்டால் சாப்பிடுவார், போட மறந்தால் கேட்கமாட்டார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் அம்மா நீல நூல் சுற்றிக் கட்டியிருந்தாள்.

ஒரு மார்கழிக் காலையில் நான் கண் விழித்தபோது அவருடைய செருப்பு வாசலில் இருந்தது. குடை ஆணியில் தொங்கியது. கண்ணாடிக் கூடு மாடத்தில் இருந்தது. அப்பாவும் கண்ணாடியும் இல்லை. அம்மா கோலம் போட்டு முடித்து, கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, "பல் தேய்ச்சுட்டு வா" என்றாள். சில வாரம் கழித்துத்தான் காசியிலிருந்து வந்த யாரோ, அவர் காஷாயம் கட்டிக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

உடனே மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணா. மாம்பலத்தில் சொந்த வீடு, பாங்கில் வேலை, முன்கோபம். "சொல்லாம கொள்ளாம ஓடிப்போனவன் எல்லாம் ஒரு சந்நியாசியா? அவன் காஷாயத்தைப் பிடிச்சு உருவாம விடமாட்டேன்" என்று பின்கட்டே அதிரக் கத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். "என் தங்கை நடுத்தெருவுல நிக்க மாட்டா" என்று சொல்லி எங்கள் பாத்திரங்களை அவரே வண்டியில் ஏற்றினார். அந்த நல்ல மனசை நான் எந்நாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நல்ல மனசு கோபத்தில்தான் காலூன்றி நின்றது. அப்பாமேல் அவருக்கு இருந்த கோபம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அவ நாக்குக்குப் பயந்துதான் ஓடியிருப்பான்" என்று முன்கட்டு வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம். அம்மா ஒரு நாள் முழுவதும் பேசுகிற பேச்சை ஒரு வெற்றிலையில் மடித்துவிடலாம்.

மாம்பலத்துக்குப் போன கொஞ்ச நாளில் பட்டணம் காலியாயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மாமாவின் பாங்கு போகவில்லை, அதனால் மாமாவும் போகவில்லை, நாங்களும் போகவில்லை. மாமாவுக்குக் குழந்தை கிடையாது. மத்தியானம் முழுவதும் நான் கூடத்துத் தரையில் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நானே ஆடுவேன். யார் ஜெயித்தாலும் தோற்றவளும் நான்தான். சோழி விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். சிலநாள் அந்தக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்ப்பேன். தகரக் கூடு, உள்ளே தேய்ந்துபோன ஊதா வெல்வெட். அதில் மூக்குப்பொடி வாசனையும் அப்பாவின் சட்டைப்பை வாசனையும் இருக்கும். நாளாக ஆகத் தகர வாசனை மட்டும்தான் வந்தது. அப்புறம் அதில் புளியங்கொட்டை போட்டு வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் நெற்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கவலை.

மாமா இரண்டு வைதிக வாத்தியார்களைக் கேட்டார். முதல் வாத்தியார், "சந்நியாசம் வாங்கிக்கறவன் தனக்குத் தானே சிராத்தம் பண்ணிண்டுடறான். அப்புறம் அவன் இல்லைன்னுதானே அர்த்தம்? அவன் இல்லைன்னா இவ..." என்று இழுத்தார். இரண்டாமவர், "மூச்சு இருக்கறவரைக்கும் சுமங்கலிதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார். மாமா இருவருக்கும் தட்சிணை கொடுத்தார். தாலியைக் கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. குங்குமம் இட்டுக்கொள்ளச் சொல்லவும் வரவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு யாராவது வாசலில் வந்தால் அம்மா கிணற்றடிக்குப் போய்விடுவாள். முக்காடு போட்ட பாட்டிமார் கூடிப் பேசுகிற இடத்திலும் அவளுக்கு இடமில்லை. இரண்டுங்கெட்டானாக நின்றாள்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எனக்கென்று வீட்டில் சாந்து இருந்தது. ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றி வெயிலில் வைத்தால் கறுப்பாக உறைந்துவிடும். விரலை நனைத்துத் தேய்த்துப் பொட்டு இட்டுக்கொள்ளலாம். அது கல்யாணமாகாத பெண்கள் இட்டுக்கொள்வது. காலையில் எனக்கு இட்ட விரலாலேயே அம்மா தன் நெற்றியிலும் மிளகளவுக்கு ஒன்று வைத்துக்கொள்வாள். மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கூத்து" என்று முணுமுணுப்பாள். எனக்கோ சந்தோஷம். அந்த வீட்டில் எனக்கு ஜோடி என்று இருந்தது அந்த ஒரு பொட்டுதான்.

ஆடி அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்த வாத்தியார், தர்ப்பையை உதறிக்கொண்டே, "உங்க தங்கை ஆத்துக்காரர் மயிலாப்பூர்லதான் இருக்கார். சின்ன மடம் ஒண்ணு இருக்கே, அங்கே சாதுர்மாஸ்யம் உக்காந்திருக்கார்" என்றார்.

"யாருக்கு ஆத்துக்காரர்?" என்றார் மாமா.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா இலையைக் குப்பையில் போட்டுத் தண்டை முறத்தில் போட்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை. நான்தான் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்தேன்.

சாதுர்மாஸ்யம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழைக்காலத்தில் சந்நியாசிகள் ஊர் ஊராக நடக்கக்கூடாது, ஆடிப் பௌர்ணமியிலிருந்து இரண்டு மாதம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். ஈரத்தில் வெளியே வரும் புழுவும் பூச்சியும் காலடியில் மிதிபடும் என்று அந்த ஏற்பாடு. புழு பூச்சிக்கு இவ்வளவு யோசித்த பெரியவர்கள் மற்றவர்களுக்கும் ஏதாவது யோசித்திருப்பார்கள் என்று வெகுகாலம் தேடினேன். அது வேறு கதை. அப்பா இரண்டு மாதம் மயிலாப்பூரில்தான் இருப்பார், எங்கும் நகரமாட்டார் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

வரலக்ஷ்மி நோன்பு நெருங்கியது. மாமி வருஷா வருஷம் கலசம் வைத்து, தெருவிலுள்ள சுமங்கலிகளுக்கெல்லாம் மஞ்சள் சரடு கட்டுவாள். அந்த வருஷம் தெருவே இல்லை.

"வெளியில யாரைப் போய்த் தேடறது?" என்று மாமாவிடம் ஆரம்பித்தாள். "ஆத்துக்குள்ளயே ஒருத்தி இருக்கா. அவளுக்குச் சரடு கட்டலாமா கூடாதான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. கட்டினா தப்பா, கட்டாட்டா தப்பா? எந்தப் பாவம் என் தலையில விழும்னு சொல்லுங்கோ."

மாமா ஈஸிசேரில் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டார். பிறகு, "அவரையே கேட்டுடறேன்" என்றார்.

"நன்னாருக்கே. சந்நியாசிகிட்டப் போய் ஆம்படையா பேச்சை எடுப்பாளா யாராவது?"

"பெரியவா எடுக்கப்படாது. குழந்தை கேட்டா குத்தமில்லே."

அப்படித்தான் அது என் தலையில் வந்து விழுந்தது. மாமா என்னை எதிரில் நிறுத்தி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கவைத்தார். 'அம்மா குங்குமம் இட்டுக்கலாமா?' இவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒரு வார்த்தை கூடாது.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். "மாமா கேக்கச் சொன்னதைக் கேளு. பதில் எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போறது. நீ ஒண்ணே ஒண்ணு பாத்துண்டு வா. கண்ணாடி போட்டுண்டிருக்காரான்னு பாரு."

"ஏம்மா?"

"அது இல்லேன்னா அவருக்கு எழுத்துத் தெரியாது."

நான் கண்ணாடிக் கூட்டைப் பாவாடையில் செருகிக்கொண்டேன். அதைக் காட்டினால் என்னைத் தெரிந்துகொள்வார், பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு. வீட்டில் எல்லோருக்கும் குங்குமம் பெரிதாக இருந்தது. எனக்கு என் பேர்தான் பெரிதாக இருந்தது.

மாமா குதிரைவண்டி பிடித்தார். வண்டிக்காரர் வயசான சாய்பு. "குந்து சாமி. பாப்பா முன்னால வந்து குந்திக்கட்டும், வண்டி பின்னால சாயுது" என்றார். தேனாம்பேட்டை தாண்டும்வரை ரோட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. "ஊரே ஓடிப்போச்சு. நீங்க இன்னா சாமி இங்கயே கீறீங்க?" என்று கேட்டார்.

"எங்கே போறது?" என்றார் மாமா.

"அத்த சொல்லு. நானுந்தான் எங்க போறது? இந்தக் குதிரைக்கு என்னை வுட்டா யாரு கீறாங்க?" என்று சாட்டைக் கம்பால் அதன் முதுகைச் சொறிந்துவிட்டார். கொள்ளும் சாணமும் ஈரப் புல்லும் கலந்த அந்த வாசனையில் எனக்குத் தூக்கம் வந்தது.

மடம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஓர் ஓட்டு வீடு, நடுவில் முற்றம், கொடியில் காவி வேஷ்டி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வில்வமும் கற்பூரமும் மணத்தன. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலகைமேல் மொட்டைத் தலையோடு ஒருவர். சுவரோரம் தண்டம் சாய்ந்திருந்தது. அப்பாவுக்குக் குடுமி உண்டு, மீசையில்லாத வட்ட முகம். இவருக்குக் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இது வேறு யாரோ என்று நினைத்தேன். அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். உடைந்த காலில் நீல நூல் அப்படியே இருந்தது.

காஷாயத்தை உருவுவேன் என்று சபதம் போட்ட மாமா, வாசற்படி தாண்டியதும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தடால் தடால் என்று நாலு நமஸ்காரம் பண்ணினார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. காவியைக் கண்டால் விழவேண்டும் என்று உடம்புக்குப் பழக்கியிருந்தார்கள், கோபம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு முன்னால் ஒரு பையன் பழத்தட்டை வைத்து நமஸ்காரம் பண்ணினான். "என்ன வாசிக்கறே?" என்று அவர் கேட்டார். "ஆறாம் கிளாஸ்." "நன்னா வாசி." குரல் அப்பாவுடையதுதான். என் முறை வந்தது. நான் விழுந்து எழுந்து, மாமா கொடுத்த தட்டில் ஆரஞ்சுப் பழங்களின் பக்கத்தில் கண்ணாடிக் கூட்டை வைத்தேன். மடியில் இருந்த அவர் கை கூட்டை நோக்கி ஒரு விரல்கடை நகர்ந்தது. பிறகு திரும்ப மடிக்கே போய்விட்டது.

"என்ன வாசிக்கறே?"

"நாலாம் கிளாஸ். இப்போ ஸ்கூல் இல்லே."

"நன்னா வாசி."

பின்னாலிருந்து மாமா முதுகில் கிள்ளினார். "அம்மா குங்குமம் இட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கூடத்தில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்தினார்கள். மடத்துக் காரியஸ்தர், "குழந்தே" என்று எழுந்தார். பலகைமேல் இருந்தவர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். என்னைப் பார்க்காமல், முற்றத்தில் சொட்டும் வேஷ்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பூர்வாசிரமத்துல ஓர் அம்மாகிட்ட உத்தரவு கேட்டோம். மனசாரக் கொடுத்தா. அதுக்கப்புறம்தான் படி இறங்கினது. கேக்காம இறங்கினா இந்தக் காவிக்கு அர்த்தமில்லே. கொடுத்தவளுக்கு நாம என்ன விதிக்கறது? அவ இஷ்டம்."

பிறகு அட்சதையும் ஒரு சாத்துக்குடியும் கைபடாமல் என் தட்டில் விழுந்தன. காரியஸ்தர் தட்டிலிருந்த மற்றதையெல்லாம் வழித்துப் பழக்கூடையில் போட்டார், கண்ணாடிக் கூடும் புளியங்கொட்டையும் அதோடு போயின. கேட்டு வாங்குவதற்குள் அடுத்தவர் நமஸ்காரம் பண்ண வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது சாய்பு இரண்டுமுறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குதிரையோடு பேசிக்கொண்டு வந்தார். நான் சாத்துக்குடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். என் பேரை அவர் சொல்லவில்லை என்பதற்காக அழுதேன். மாமா வேறு எதையோ நினைத்துக்கொண்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். மாமா என்னைத் தொட்டது அதுதான் கடைசி.

வீட்டு வாசலிலேயே கேட்டார். "நீ சரின்னு சொன்னியா?"

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "சொன்னேன்."

"எல்லாரும் ஓடிப்போனான் ஓடிப்போனான்னு சொல்றச்சே வாயை மூடிண்டு உக்காந்திருந்தியே. நான் ஊரெல்லாம் அவனைத் திட்டிண்டு திரிஞ்சேனே."

"அனுப்பினது நான்தான்னு சொல்லியிருந்தா என்னை அழைச்சுண்டு வந்திருப்பியா, அண்ணா?"

மாமா யோசித்துப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நேர்மையான மனுஷர், பொய் சொல்ல வரவில்லை. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

மாமி நல்லவள்தான், பதில் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அவளுக்கு. "அவரே இஷ்டம்னு சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை வந்து சரடு கட்டிக்கோ" என்று குங்குமச் சிமிழை நீட்டினாள். "வேண்டாம் மன்னி. இதுவே பழகிப்போச்சு" என்றாள் அம்மா. நோன்பு அன்று மாமி தனக்குத் தானே சரடு கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பரிமாறும்போது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, பாவம்" என்று மாமி சொல்வாளே, அந்தப் பாவம் நின்றுவிட்டது. பரிதாபத்தில் கொடுத்த இடம், பரிதாபம் போனதும் சுருங்கிவிட்டது. இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு, சாதம் குறைவாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சந்நியாசிக்குச் சொல்லவும் கூடாது. அவர் சொன்ன அந்த நிஜம் மாம்பலம் வீட்டுக்கு வந்து என்ன செய்யும் என்று யோசிக்க அவருக்கு இனி உரிமையில்லை. அந்த யோசனையையும் சேர்த்துத்தான் விட்டிருந்தார்.

நவராத்திரி முடிந்ததும் அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல் மேற்பார்வைக்குச் சேர்ந்தாள். அடையாற்றுப் பக்கம், ஆறு பார்த்த ஓர் அறை எங்களுக்கு. மாமாவே பாத்திரங்களை வண்டியில் ஏற்றினார். அதற்குள் புரட்டாசி வந்து, அப்பா மயிலாப்பூரை விட்டுக் கிளம்பிப் போயிருந்தார்.

வருஷங்கள் கழித்து, எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, வடக்கே எங்கோ அவர் சித்தியடைந்ததாகத் தபால் வந்தது. சந்நியாசிக்குத் தீட்டுக் கிடையாது, கேட்டதும் ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்தது. அம்மா கிணற்றில் இறைத்து இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு வந்தாள். தாலியை அவிழ்த்துச் சுவாமி மாடத்தில் வைத்தாள். தலையைத் துவட்டினாள். ஆணியில் மாட்டிய சின்னக் கண்ணாடி முன்னால் நின்று, கொட்டாங்கச்சியில் விரலைத் தேய்த்து, எப்போதும்போல மிளகளவுக்கு ஒரு பொட்டு இட்டுக்கொண்டாள். சாந்துக்கு எந்தச் சாஸ்திரமும் விலக்குச் சொல்லவில்லை. ஊராரால் ஒன்றும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டேன். "எப்படிம்மா சரின்னு சொன்னே?"

"கேட்டாரே" என்றாள்.

"கேட்டா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எதுக்கும் அவர் என்னைக் கேட்டதில்லே. என்ன சமைக்கணும், எந்த ஆத்துக்குக் குடிபோகணும், உனக்கு என்ன பேர் வைக்கணும், ஒண்ணுக்கும் கேட்டதில்லே. கெட்டவர் இல்லே, தோணினதில்லே அவருக்கு. அன்னிக்குத்தான் விடியக்காலம் எதிர்ல வந்து உக்காந்து, எனக்கு உத்தரவு கொடுப்பியான்னு கேட்டார். முதல் தடவையா ஒருத்தர் நம்மைக் கேக்கறச்சே எப்படிடீ மாட்டேன்னு சொல்றது?"

ஈரத்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, "கண்ணாடியில நூல் இருந்ததுன்னு சொன்னியே அன்னிக்கு, நிஜமாவே இருந்ததா?" என்று கேட்டாள்.

"இருந்ததும்மா. நீலம்."

தலையை ஆட்டினாள். அப்போது எனக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது. கேட்கக்கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சேளே, என்னை ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலே?"

அம்மா கொட்டாங்கச்சியை ஜன்னல் வெயிலில் காயவைத்தாள்.

"நீ தூங்கிண்டிருந்தே" என்றாள்.